ஹெர்குலிஸ் தாம்பரத்தில் இறங்கவில்லை

கிரேக்கர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. தங்கள் ஆள் போகாத ஊர் என்று உலகத்தில் ஒன்று இருக்கவே கூடாது. கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரின் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸும் அந்த ரகம்தான். காதில் விழுந்ததையெல்லாம் எழுதிவைத்தார். ஹெர்குலிஸ் இந்தியாவுக்கு வந்தாராம். வரிசையாக ஆண் பிள்ளைகள், ஒரே ஒரு மகள், பெயர் பாண்டயா. கடலில் முத்தைக் கண்டெடுத்து மகளுக்குப் போட்டு அழகு பார்த்தவர், 500 யானை, 4,000 குதிரைப்படை, 1,30,000 காலாட்படையோடு ஒரு நாட்டையே சீராகவும் கொடுத்தாராம். தகுந்த மாப்பிள்ளை அமையவில்லை என்று அவர் அடுத்துச் செய்த காரியத்தைக் குடும்பப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் அச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். துணிந்தவர்கள் அங்கே போய்ப் படிக்கலாம்.

பாலியீனஸ் என்பவர் இன்னும் ஒருபடி மேலே போனார். பாண்டயாவின் நாடு தெற்கே கடல் வரை, மொத்தம் 365 ஊர், நாளைக்கு ஓர் ஊர் வரி கட்ட வேண்டும். கட்டாமல் டிமிக்கி கொடுக்கும் ஊரை, கட்டி முடித்தவர்களே போய் உலுக்கி வசூலிப்பார்களாம். நல்லவேளை, தாம்பரம் மாநகராட்சியில் யாரும் பாலியீனஸ் படிப்பதில்லை. லீப் வருஷத்தில் பிப்ரவரி 29 யார் தலையில் விழுந்தது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஆக, பாண்டயாவின் வழிவந்தவர்கள்தான் பாண்டியர்கள் என்று வைத்துக்கொண்டால், மதுரைக்காரர்கள் ஹெர்குலிஸைத் தாத்தா என்று உரிமை கொண்டாடலாம். நாம் தொண்டை மண்டலம். நமக்குக் கிரேக்கத்தில் ஒரு சித்தப்பாகூடக் கிடையாது.

ரோம் பக்கம் போவோம். அகஸ்டஸ் சீசருக்கு இந்திய ராஜா ஒருவர் தூது அனுப்பினார். அனுப்பியது பாண்டியனா போரஸா என்று இதை எழுதிவைத்த புவியியலாளர் ஸ்ட்ராபோவுக்கே சந்தேகம். பரிசுப் பொருள்களில் பெரிய பாம்புகள், ஒரு பெரிய ஆற்று ஆமை, கழுகைவிடப் பெரிய கவுதாரி. வழியில் அந்தியோக்கியாவில் இந்த ஊர்வலத்தை ஒருவர் நேரில் பார்த்து எழுதியதால் நமக்குத் தெரிகிறது. வண்டலூரில் இறக்கியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம் வந்திருக்கும்.

ரோமானிய எழுத்தாளர் பிளினிக்கு வேறு கவலை. வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பினார். மிளகில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது என்றும் கேட்டார். கி.பி. 408-இல் ரோமை முற்றுகையிட்ட கோத் தலைவன் அலாரிக், நகரத்தை விட்டுவிடக் கேட்ட பட்டியலில் தங்கம், வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. ரசம் வைக்கத் தெரிந்தவன் போலிருக்கிறது.

இந்த வியாபாரத்தில் செங்கல்பட்டுப் பக்கத்துக்கும் பங்கு உண்டு. பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, வசவசமுத்திரத்தில், தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானிய ஆம்போராச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. பெரும்பாலும் ஒயின் வந்து இறங்கிய சாடிகள் அவை. உள்ளே ஒரு சொட்டு மிச்சமில்லை. அதிகாரிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள்.

ஆனாலும் தாம்பரம், பல்லாவரம் என்று ஒரு கிரேக்கனும் ஒரு வரி எழுதவில்லை. போகட்டும். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரம் அணிவகுப்பு மைதானத்தில் ஒரு கல் கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் வெளியே தெரிந்ததே அந்தக் கல்லால்தான். அதே வகைக் கோடாரிகள் கிடைத்த, திருவள்ளூர்ப் பக்கத்து அதிரம்பாக்கத்தில், அவற்றில் மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. அத்தனை பிற்காலத்தில் வந்த ஹெர்குலிஸ் கையில் இருந்தது வெறும் கட்டை.