கம்பமுடையான் குற்றமுடையான்

குறுக்கீட்டு இயலுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் உண்டு. முதற்பொருள் நிலமும் பொழுதும்: நிலம் ஜோலார்பேட்டை, பொழுது இரவு ஒன்பது மணி. கருப்பொருளாவன மொட்டை மாடி ஆன்டெனா, பூஸ்டர், ரிப்பன் ஒயர், செட்டாப் பாக்ஸ், எல்.இ.டி. பல்பு, மின்கம்பம். உரிப்பொருள் ஊடல். அது காதலரிடையே நிகழாமல், ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்ளும் இரு வீட்டாரிடையே நிகழ்வது இத்திணையின் சிறப்பு.

தலைவன் எனப்படுபவர் ஹாம் என்னும் ரேடியோ ஆர்வலர். மத்திய அரசு அவருக்குத் தேர்வு வைத்து, உரிமம் கொடுத்து, வி.யு.2 என்றோ வி.யு.3 என்றோ தொடங்கும் அழைப்புக்குறியைச் சூட்டி, இன்னின்ன அலைவரிசையில் பேசிக்கொள் என்று விட்டிருக்கிறது. வியாபாரம் பேசக்கூடாது, அரசியல் பேசக்கூடாது. மிச்சம் இருப்பது வானிலை. ஆகவே அவர் பாதி ராத்திரி வரை கண் விழித்து, ஜோலார்பேட்டையில் வெக்கை அதிகம் என்ற செய்தியை முகம் தெரியாத ஒரு ஜப்பானியரிடம் சேர்ப்பித்துவிட்டுத் தூங்கப் போவார். 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானின் நிலவரத்தை வெளியுலகுக்குச் சொன்னவர்களில், அப்போது போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஹாம்களும் உண்டு. சுனாமி இல்லாத நாட்களில் அவர் எதிர்வீட்டு டிவியைக் கெடுக்கிற ஆள்.

இந்தக் குலம் நமக்குப் புதிதன்று. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று சென்னையில் ஒலிபரப்பை ஆரம்பித்தது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் பிறக்கவே இன்னும் பன்னிரண்டு ஆண்டு இருந்தது. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். இடைப்பட்ட ஐம்பத்தோராண்டு காலத்தில் ரேடியோ ஆர்வலர்களால் டிவி கெட்டதாக இந்த மாநிலத்தில் ஒரு புகார் கூட இல்லை. டிவியே இல்லை என்பதையும் ஆய்வாளர் கணக்கில் கொள்ள வேண்டும். 2006-க்குப் பின் அரசே வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கியதில், புகார் கொடுக்கும் தகுதி ஏழை வீட்டுக்கும் கிடைத்தது.

இவ்வியலின் முதல் விதி, கம்பம் உள்ள வீடே குற்றம் உள்ள வீடு என்பது. இதற்கு மறுதலையான சான்றும் இந்த வட்டாரத்திலேயே உண்டு. ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துக்கு 1986 ஜனவரியில் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டியவர் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி. அவர் வி.யு.2.ஆர்.ஜி. என்ற அழைப்புக்குறி உடைய ஹாம். அவர் வந்து போனதால் தன் டிவியில் கோடு விழுந்தது என்று ஜோலார்பேட்டையில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் கையோடு கம்பம் கொண்டுவரவில்லை.

கம்பம் நட்டால் அன்றைக்கே புகார் வரும். கருவி வாங்கக் காசு சேர இன்னும் ஆறு மாதம் ஆகும் என்பது பொருட்டன்று. வழக்கு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“இன்னா தம்பி, உங்க கம்பத்தால எங்க டிவில கோடு கோடா ஓடுது.”

“அக்கா, நான் இன்னும் மிஷினே வாங்கலக்கா.”

“வாங்காதப்பவே இப்படின்னா, வாங்கிட்டா?”

இக்கேள்விக்கு எந்த மின்னணுவியல் நூலிலும் விடை இல்லை.

இனி நோய் நாடும் முறை. ஹாம், தாம் பேசிய தேதியையும் நேரத்தையும் அலைவரிசையையும் பதிவேட்டில் எழுதுகிறவர். எதிர்வீட்டாரும் கோடு ஓடிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், இரண்டையும் ஒத்துப் பார்த்துப் பாதி வழக்கை உட்கார்ந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். எதிர்வீட்டார் எழுதுவதில்லை. நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நினைவில் எல்லா நாளும் ‘நேத்து’தான்.

ஹாம் உண்மையிலேயே குற்றவாளியாகும் வழி ஒன்று உண்டு. 21 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவரின் கருவி சுத்தமாக இல்லாவிட்டால், அதன் மும்மடங்கான 63-இலும் கொஞ்சம் கசியும். தூர்தர்ஷன் காலத்து முதலாம் பட்டை 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் 61 முதல் 68 வரை நான்காம் சேனல், 63 அதற்குள் போய் உட்காரும். 28-இல் பேசினால் இரட்டிப்பு 56, அது மூன்றாம் சேனல். அடையாளம் சுலபம். ஒரு சேனல் மட்டும் கெட்டால் குற்றம் பெரும்பாலும் ஹாமுடையது. அவர் தம் கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில், 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை மறிக்கும் ஃபில்டரைப் போட வேண்டும். எல்லாச் சேனலும் சேர்ந்து கெட்டால் குற்றம் டிவியுடையது. ஹாமின் அலை அதன் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்திலிருந்து வருவதால் டிவியின் முன்வாசலைத் திணறடிக்கிறது. அங்கே 40 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மறிக்கும் ஃபில்டர் வேண்டும். முன்னதை ஹாம் தம் செலவில் செய்வார். பின்னதையும் ஹாம் தம் செலவில்தான் செய்வார். இதில் இயற்பியலுக்குப் பங்கில்லை.

திணறலை வளர்த்தது பூஸ்டர். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை ரயில் பாதையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துப் படத்தை எட்டிப் பிடிக்க ஆசைப்பட்டவர்கள் கம்பத்தை உயர்த்தினார்கள், உச்சியில் பூஸ்டரைக் கட்டினார்கள். பூஸ்டருக்கு விருந்தாளி யார், திருடன் யார் என்று தெரியாது, வந்ததை எல்லாம் பெருக்கி உள்ளே அனுப்பும். சென்னை நிலையத்தைச் சற்றுப் பெருக்கி, பத்து மீட்டர் தள்ளிப் பேசும் ஹாமை அசுரத்தனமாகப் பெருக்கி, கடைசியில் தானே திக்குமுக்காடிப் புதிதாக நாலு அலையைச் சொந்தமாக உற்பத்தி செய்யும். அதிலிருந்து கீழே இறங்கும் தட்டையான ரிப்பன் ஒயர், தான் வெறும் ஒயர் என்பதை மறந்து தானும் ஒரு ஆன்டெனாவாக வேலை பார்க்கும். துருப்பிடித்த கிளாம்பு டையோடாக மாறும். இத்தனை சாமானும் புகார்தாரரின் மாடியில், புகார்தாரரின் பணத்தில் வாங்கியவை. கண்ணுக்குத் தெரிவது அடுத்த மாடிக் கம்பம்.

கம்பமே இல்லாத குற்றவாளிக்கும் இந்த வட்டாரத்தில் குறைவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி என்றால் தோலும் காலணியும். காலணித் தொழிலில் பிளாஸ்டிக்கை ஒட்டவும் செயற்கைத் தோலில் வடிவம் அழுத்தவும் உயர் அதிர்வெண் இயந்திரம் ஒன்று உண்டு. தொழிற்சாலைகளுக்கென்று ஒதுக்கிய 27.12 மெகாஹெர்ட்ஸில், கிலோவாட் கணக்கில் அது வேலை செய்யும். அதன் இரட்டிப்பு 54.24, மூன்றாம் சேனலின் வாசற்படி. ஹாமுக்கு அனுமதித்த உச்ச வரம்பு 400 வாட், அந்த அளவுக்கு வசதி உள்ள ஹாமை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அப்படி ஒரு இயந்திரத்தின் மீது எந்தத் தெருவிலும் பஞ்சாயத்து கூடியதில்லை. அது நாலு சுவருக்குள் இருக்கிறது, சம்பளமும் கொடுக்கிறது.

கேபிள் வந்ததும் மாடிக் கம்பங்கள் இறங்கின. இனி நிம்மதி என்று ஹாம்கள் நினைத்தார்கள். கேபிளில் எஸ்-6 என்றொரு சேனல் 139 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. ஹாம்களின் இரண்டு மீட்டர் பட்டை 144 முதல் 146. மேலுறை உரிந்து, முறுக்கி, டேப் சுற்றிய இணைப்பு இரு வழியும் கசியும், ஒயர் தெருவைக் கடக்கும் இடத்தில் அத்தகைய இணைப்பைப் போடுவது மரபு. அதன் வழியே எதிர்வீட்டுப் படத்துக்குள் ஹாம் நுழைந்தார். ஹாமின் கருவியில் 145.75-இல் சீரியல் மாமியார் பேசினார், எஸ்-6இன் ஒலி சரியாக அங்கேதான் இருந்தது. மாமியார் பேசியதை ஹாம் வெளியே சொல்லவில்லை. கதையைத் தொடர்ந்து கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

டிஜிட்டல் காலத்தில் கோடு ஓடுவதில்லை. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, அல்லது உறைந்து நிற்கிறது. மழையால் நின்றாலும், ரீசார்ஜ் முடிந்து நின்றாலும் முதல் விதி அப்படியே பொருந்தும். ஆனால் உள்ளுக்குள் வழக்கு தலைகீழாகிவிட்டது. செட்டாப் பாக்ஸ் அடாப்டர், எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றிலும் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்., மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த வெட்டின் இரைச்சல் வெளியேறாமலிருக்க உள்ளே ஒரு சின்னச் சுருள் வேண்டும். மலிவான அடாப்டரைத் திறந்தால் சுருளுக்கான இடம் போர்டில் அச்சிட்டிருக்கும், அங்கே ஒரு ஒயர்த் துண்டை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் ஜப்பானியர் இருந்த இடத்தில் இப்போது கொரகொரப்பு. மருந்து உண்டு: ஃபெரைட் வளையத்தில் அடாப்டர் ஒயரை ஏழெட்டுச் சுற்று சுற்றினால் பெருமளவு அடங்கும். அடாப்டர் எதிர்வீட்டில் இருக்கிறது. சீரியல் நடுவே கதவைத் தட்டி, “அக்கா, உங்க டிவியால என் ரேடியோ கெடுது” என்று சொல்ல வேண்டிய கட்டத்தில் இவ்வியல் அறிவியல் என்ற நிலையைக் கடந்துவிடுகிறது.

ஆகவே ஹாம் முதலில் தம் வீட்டு மெயினை அணைத்து, பேட்டரியில் கேட்டுப் பார்க்கிறார். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள். நிற்காவிட்டால் கையில் ஒரு டிரான்சிஸ்டருடன், மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டு, தெருத் தெருவாக நடக்க வேண்டும். வீட்டார் கொஞ்ச நாள் கவலைப்படுவார்கள்.

ஜோலார்பேட்டையில் அப்படி நடப்பவருக்கு ஒரு கூடுதல் சிக்கல். சென்னைப் பாதை சேலத்துக்கும் பெங்களூருக்குமாகப் பிரிகிற சந்திப்பு இது. 25,000 வோல்ட் கம்பியை இன்ஜினின் பான்டோகிராஃப் விட்டு விட்டு உரசும்போது பொறி பறக்கும், பொறி பறந்தால் இரைச்சல். இதை மற்றவற்றிலிருந்து பிரிக்க ரயில்வே அட்டவணை ஒன்று போதும். தினமும் குறித்த நிமிடத்தில் தவறாமல் வரும் இரைச்சல் ரயிலால் வருவதன்று.

கடைசியில் நிற்பது மின்கம்பம். நட்டு தளர்ந்த இடத்திலும், வெடித்த பீங்கான் இன்சுலேட்டரிலும் இருக்கும் நூலிழை இடைவெளியில் பொறி தாவிக்கொண்டே இருக்கும். நல்ல வெயிலில் கரகரவென்று கேட்கும். மழையில் நனைந்தால் ஈரம் அந்த இடைவெளியை அடைத்துவிடும், இரைச்சல் சுத்தமாக நிற்கும். சோதனைக்கு ஆள் வருகிற நாளில் மழை பெய்யும் என்பதை அனுபவஸ்தர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். சந்தேகப்பட்ட கம்பத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதைச் செய்யவே கூடாது, மேலே தளர்ந்திருப்பது தலையில் விழும். கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், லைன்மேனைப் பார்த்து முறையாகச் சொல்ல வேண்டும்.

“கரண்ட் இருக்குதா?”

“இருக்குதுண்ணா.”

“அப்புறம் இன்னா கம்ப்ளைன்ட்?”