எறும்புக்குப் பட்டா உண்டா?

கேள்வி: தானியம் சேர்க்கும் எறும்புகள் பயிரே வைக்குமாமே, நிஜமா?

பதில்: டெக்சாஸ் மருத்துவர் கிடியன் லின்செகம் அப்படித்தான் அடித்துச் சொன்னார். புற்றைச் சுற்றிப் புல் விதைத்து, களையெடுத்து, அறுவடையும் செய்கிறதாம்! டார்வினே அதை 1861-இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கொண்டுபோனார். பின்னால் வந்த எறும்பு ஆய்வாளர் வீலர் கதையைக் கலைத்தார். வாசலைச் சுற்றி முளைப்பதையெல்லாம் கடித்தெறிந்து தரையை மொட்டையடிப்பது உண்மை. விதைப்புதான் பொய். கிடங்கில் ஈரம்பட்டு முளைவிட்ட விதைகளை வெளியே குப்பையில் கொட்டும். அவற்றில் சில வேர்பிடிக்கும். புற்றோர மண்ணில் சத்தும் அதிகம். விளிம்புச் செடிகள் கொழுக்கும். தின்ன எடுத்துப்போய் வீணடித்ததற்கு விவசாயி பட்டம்! கடன் தள்ளுபடி கேட்காத விவசாயி என்பதால் அரசாங்கங்களுக்குப் பிடித்திருக்கும்.