தள்ளுகிற விசை எங்கே போகிறது?

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கனமான மரப்பெட்டியை ஒரே வேகத்தில் தள்ளுகிறேன். மூச்சு வாங்குகிறது. ஆனால், நிகர விசை சுழி என்கிறாரே ஆசிரியர்?
– பிளஸ் ஒன் மாணவி, ஆத்தங்குடி

பதில்: மூச்சு வாங்குவதும் உண்மை, ஆசிரியர் சொன்னதும் உண்மை! நீங்கள் 60 நியூட்டன் கொடுத்தால், தரையின் உராய்வும் எதிர்த்திசையில் 60 கொடுக்கிறது. செட்டிநாட்டுப் பேரேட்டில் வரவும் செலவும் சமமானால் கையிருப்பு சுழிதானே? 80 கொடுங்கள், மிச்சமுள்ள 20 பெட்டியின் வேகத்தைக் கூட்டும். கையை எடுங்கள், உராய்வு மட்டும் மிஞ்சிப் பெட்டியை நிறுத்தும். உராய்வே இல்லாவிட்டால்? 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், தள்ளுவார் யாருமின்றி விண்வெளியில் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போய்க்கொண்டிருக்கிறது. 1687-இல் நியூட்டன் எழுதிய முதல் விதி இதுதான்: ஓடுவதற்கு விசை வேண்டாம்; ஓட்டத்தை மாற்றத்தான் வேண்டும்.