சுவர்மீன்தொட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும்: ஓர் ஆய்வு

சுவரைக் குடைந்து பதித்த மீன்தொட்டிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. முன்பக்கத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். பின்பக்கத்தில் வீட்டுக்காரர் வாளியோடு நின்றுகொண்டிருப்பார். முன்பக்கத்தின் அழகு முழுவதும் பின்பக்கத்தின் செலவில் நடக்கிறது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம், சென்னை அடுக்குமாடி வீடு ஒன்றின் ஹால். ஆய்வுப்பொருள், ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வாழவைத்துக் கட்டுரை எழுதினார். 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலை மீன்களுக்கென்றே ஒரு கூடம் திறந்தது. சுவரை இடிக்கும் ஆசை பின்னால் வந்தது.

முதலில் எடை. மேற்படித் தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி, அதாவது சுமார் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. ஒரு பழைய மாருதி 800 காரை ஹாலில் நிறுத்திவைத்தது போல. கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் தனிக்கணக்கு. குடியிருப்பு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875. தொட்டியின் அடியில் விழும் சுமை அதைப்போல் மூன்று மடங்கு. அதற்காகத் தளம் உடனே இடிந்துவிடாது. தூண், பீம் வைத்துக் கட்டிய கட்டடங்களில் பெரும்பாலும் சுவருக்கு அடியிலேயே பீம் ஓடுவதால், சுவரோரம் ஓரளவு தோதான இடமும்கூட. ஆனால் அந்தச் சுவரே சுமைதாங்கிச் சுவராக இருந்தால் லிண்டல் போடாமல் கைவைக்கக்கூடாது. இதைக் கட்டடப் பொறியாளரிடம் கேட்க வேண்டும். கொத்தனாரிடம் கேட்டால் “தாங்கும் சார்” என்பார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

அடுத்தது அழுத்தம். இந்தத் தொட்டியின் முன்கண்ணாடியை நீர் தள்ளும் விசை சுமார் 340 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை மூன்றடியாக்கினால் விசை இரண்டேகால் மடங்காகும். பெர்லின் ஓட்டல் ஒன்றில் 10 லட்சம் லிட்டர் நீரோடு நின்ற அக்வாடோம் என்ற அக்ரிலிக் உருளை 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்தது. அதிலிருந்த சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை செத்தன. கீழ்வீட்டுக்காரருக்கு இந்தச் செய்தியைச் சொல்லாதிருப்பது நல்லது.

இனி ஆய்வின் மையச் சிக்கல். ஒன்பது அங்குலச் சுவருக்குள் 24 அங்குலத் தொட்டி எப்படிப் பதியும்? பதியாது. மீதி 15 அங்குலம் சுவருக்குப் பின்னாலுள்ள படுக்கையறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கையை விட்டு அடிமணலைத் தொட வேண்டுமானால் தொட்டிக்கு மேலே ஒன்றரை அடியாவது இடம் வேண்டும். ஃபில்டரின் உறுமல், ஆவியாகும் நீரின் ஈரம், அதில் உப்பிப்போகும் பிளைவுட் அலமாரி எல்லாமே பின்பக்கத்தார் பங்கு. வாரம் கால்பங்கு நீர் மாற்றுவதென்றால் 170 லிட்டர், இருபது லிட்டர் கேன் கணக்கில் எட்டரை. இவ்வளவுக்கும் ஒளிவிலகல் காரணமாக, எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டடி அகலம் ஒன்றரை அடியாகத்தான் தெரியும். பணம் கொடுத்தது இரண்டடிக்கு.

மீன்களின் தரப்பையும் கேட்பதுதானே முறை? அவற்றின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் மீன் வாங்கி வந்து விடுபவர்கள் இந்த வாரங்களை மீன்களின் உயிரில் கழிக்கிறார்கள். பாசியைத் தின்னுமென்று கடைக்காரர் கூடவே தரும் ‘டேங்க் கிளீனர்’ மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்து, சுத்தம் செய்ததைவிட அதிகமாக அசுத்தம் செய்யும்.

ஆகவே பின்னறையில் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் அமைத்த பிறகே சுவரில் உளி வைக்கலாம். அந்த அறையே இல்லாதவர்கள் ஸ்டாண்டின்மேல் ஒரு மூன்றடித் தொட்டி வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பொறியாளரும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம்.