சமுத்திர ராஜனின் பெங்களூர்ப் பிரஜை

கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், கிழக்கே சென்னைக்கும் மேற்கே மங்களூருக்கும் சற்றேறக்குறைய 350 கிலோமீட்டர் தூரத்தில், இரண்டு கடல்களாலும் பாரபட்சமின்றிக் கைவிடப்பட்ட நகரம் பெங்களூர் என்று பூகோள சாஸ்திரம் சொல்லும்; இரண்டு கடல்களும் தமக்கே பாத்தியப்பட்டவை என்று நம் கடற்கரை ரசிகர் சொல்வார். சென்னைவாசி மெரீனாவுக்குப் போக வேண்டுமானால் வீட்டிற்கு வெளியூர் விருந்தாளி யாராவது வந்து சேர வேண்டும். நம்மவருக்கோ அத்தகைய நிமித்தம் ஒன்றும் தேவையில்லை. சனி ஞாயிறுகளோடு வெள்ளியிலோ திங்களிலோ ஒரு பண்டிகை வந்து ஒட்டிக்கொண்டால் போதும், அரைக்கால் சட்டையும் பூப்போட்ட மேற்சட்டையும் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும்.

கிழக்கா, மேற்கா என்பதே முதல் விவாதம். மேற்கென்றால் கோகர்ணம். அங்கே ஓம் வடிவில் வளைந்து கிடக்கும் மணற்கரையை உத்தேசித்து அவர் பேசிக்கொண்டிருக்கையில், துளுவ நாட்டின் ஒரே பாடல் பெற்ற தலம் அதுவென்பதை உத்தேசித்து அவர் மாமியாரும் புறப்படச் சம்மதித்துவிடுவார். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தூரம் மாமியாரோடு பிரயாணம் செய்வதைக் காட்டிலும் வங்காள விரிகுடாவே சிலாக்கியம் என்று, அந்தரங்கமாகத் தீர்மானித்து, “அம்மாவுக்கு அவ்வளவு தூரம் அலைச்சல் ஆகாது” என்று பகிரங்கமாக அறிவித்து, அவர் புதுச்சேரிக்குத் திரும்புவார்.

இந்த வியாதி பெங்களூருக்கு மட்டும் உரியது அன்று என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்தில், கடலை விட்டு 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற மாட்ரிட் நகரத்தார், கோடை வந்ததும் பெனிடோர்ம் முதலிய கடற்கரைப் பட்டணங்களை நோக்கி இவ்விதமே படையெடுக்கிறார்கள். 1950-களின் தொடக்கம் வரை மீனவர் ஊராக இருந்த பெனிடோர்மில் இன்று வானளாவிய கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. பொழுது விடியுமுன்பே மணலில் குடையை நட்டு இடம் பிடித்துவிட்டு அறைக்குத் திரும்பி உறங்குவோர்மீது நகராட்சி அபராதமும் விதிக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடும் நம் தேசத்தின் புராதன சம்பிரதாயத்திற்கு அபராதமா என்று, இந்தச் செய்தியைக் கைப்பேசியில் படித்த அன்று முழுவதும் நம்மவர் மனம் பொறுக்கவில்லை.

நெரிசலுக்கு முன் ஊரைக் கடந்துவிட வேண்டுமென்று அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவது அவர் கண்டுபிடித்த உபாயம். அதே உபாயத்தை நகரத்தில் பாதிப்பேர் தனித்தனியே கண்டுபிடித்திருப்பதை அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில் அவர் ஆச்சரியத்தோடு அறிவார். ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போகும். முன்னே போகிற வண்டிகளிலோ ‘கேஏ 51’, ‘கேஏ 03’ என்ற பலகைகள் மாறுவதே இல்லை.

புதுச்சேரியின் பீச் ரோட்டை அடைந்ததும் இன்னோர் ஆச்சரியம் காத்திருக்கும். மணலை எதிர்பார்த்து வந்தவருக்குப் பெரும்பாலும் கரும்பாறைகளே காட்சியளிக்கும். தெற்கே 1980-களில் துறைமுகத்துக்காகக் கட்டிய கற்சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்துக்கொள்ள, நகரத்தின் கரையைக் கடல் தின்றுகொண்டே வந்ததால் பாறைகளைக் கொட்டி அரண் செய்ய வேண்டியதாயிற்று. இதை ஓர் உள்ளூர்க்காரர் பொறுமையாக விளக்கும்போது, “எங்கள் ஊரிலும் அப்படித்தான், ஏரியைத் தூர்த்துத்தான் பஸ் ஸ்டாண்டு கட்டினார்கள்” என்று நம்மவர் பெருமையோடு சேர்த்துக்கொள்வார். செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்லப்படும் தூண்கள் சூழ நிற்கிற காந்தி சிலையின் அடியில் படம் பிடித்துக்கொள்வார். கடலோரக் காப்பியைப் பருகிவிட்டு, மல்லேசுவரத்துக் காப்பிக்கு இது ஈடாகுமா என்பார். மாலைச் சிற்றுண்டி வந்தால் ‘பெண்ணெ தோசை’யை நினைத்துப் பெருமூச்செறிவார். வியர்க்க ஆரம்பித்தாலோ கேட்க வேண்டாம்: “நம்ம ஊர் கிளைமேட் வருமா?” என்பதைக் கால் மணிக்கு ஒரு தரம் ஜபிப்பார். அதைச் சொல்வதற்காகவே 300 சொச்சம் கிலோமீட்டர் வந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மறுநாள், சூரியன் கடலிலிருந்தே எழும் ஊரில் ஒன்பது மணி வரை தூங்கிவிட்டு, அவர் செரினிட்டி கடற்கரைக்குப் போய், செருப்பைக் கழற்றி வைத்து, முழங்கால் ஆழத்தில் இறங்கி, இருகைகளையும் விரித்துக் கண்ணை மூடினார். திறந்தபோது எதிரே, அதே முழங்கால் ஆழத்தில், அவருடைய அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் நின்றார்.

“என்ன சார், நீங்களுமா?”

“வாங்க சார். கிளம்பறப்போ சம்ப்புல தண்ணி இருந்துச்சா?”

“எங்க சார்! காவேரி வரவே இல்லை. டேங்கர்காரன் வேற ரேட்டை ஏத்திட்டான்.”

அடிவானம் வரைக்கும் ஜலமாக விரிந்து கிடந்த வங்காள விரிகுடாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பி பிளாக்கின் ஆழ்துளைக் கிணறு எத்தனை அடியில் வறண்டது, அதை இன்னும் எத்தனை அடி இறக்கலாம், செலவை யார் தலையில் கட்டலாம் என்று இருவரும் அரைமணி நேரம் ஆலோசித்தார்கள்.

“ஏங்க, அலை வருது! செருப்பு!” என்று கரையிலிருந்து மனைவி கூவினாள்.

சில்க் போர்டு சந்திப்பில் பாய்ந்து வரும் இருசக்கர வண்டிகளுக்குக் காட்டும் அதே உள்ளங்கையை அவர் கடலுக்கும் காட்டினார். கடல் நிற்கவில்லை.

“போனாப் போகுது,” என்றார் திரும்பிப் பாராமலே. “நீங்க அந்த இன்னொரு டேங்கர்காரன் நம்பரைச் சொல்லுங்க சார்.”