ஐந்நூறு யூனிட் அண்ணன்

கோயம்புத்தூரில் பீளமேடு, கணபதிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். சொந்தப் பெயர் என்னவோ, ஊர் அறிந்த பெயர் 'யூனிட் அண்ணன்'. மோட்டார் பட்டறையிலோ மில்லிலோ காலம் தள்ளி ஓய்ந்தவர். 2012-இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனபோது லேத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தலைமுறை. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்கு உடம்பெல்லாம் பதறும்.

கிராஸ்கட் ரோட்டுக் கடைக்குள் அவர் நுழைந்தால், பழைய விற்பனையாளர் புதுப் பையனை முன்னால் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

"இது எத்தனை வாட்டுங்க தம்பி?"

"ஃபைவ் ஸ்டாருங்க சார்."

"ஸ்டாரு வானத்துல கூட நெறையா இருக்குதுங்க. நான் கேட்டது வாட்டு."

கேலியாகத் தோன்றினாலும் கேள்வி நியாயமானது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் 28, 30 வாட்டோடு நின்றுவிடும். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 30 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இதைப் பையனிடமே பேனா வாங்கி, பையனின் பில் புத்தகத்துக்குப் பின்னாலேயே கணக்குப் போட்டுக் காட்டுவார். பிறகு, "வூட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றனுங்க" என்று கிளம்பிவிடுவார். இது மூன்றாவது கடை.

இந்த 30 யூனிட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர் மின்கட்டண அட்டவணையைப் பார்க்காதவர். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் எரித்த வீட்டுக்கு யூனிட் கணக்கில் 1,725 ரூபாய் ஆனது. 501 எரித்த வீட்டுக்கு 1,958. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு, இரண்டாவது நூறு யூனிட்டின் விலையும் இரட்டிப்பாகிவிட்டதால், கடைசி ஒற்றை யூனிட் 233 ரூபாய் கேட்டது. தங்கத்துக்குக்கூட இப்படி ஒரு தாவல் கிடையாது.

ஆகவே ஐம்பதாவது நாளிலிருந்து வீட்டில் ஊரடங்கு. பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்த வெள்ளை அட்டையும் டார்ச்சுமாக மீட்டர் பெட்டிக்கு முன்னால் நிற்பார். 480 என்று தெரிந்ததும் உத்தரவுகள் பறக்கும். ஏசி கூடாது. இஸ்திரிப் பெட்டி கூடாது. புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டர், கோயம்புத்தூர் வீட்டிலேயே மூடிக் கிடக்கும்.

"ஏனுங்க, நாளைக்கு இட்லிக்கு மாவு?"

"உங்க அக்கா வூட்டுல ஆட்டிட்டு வாங்க அம்மிணி. அவிய மீட்டர்ல இன்னும் எடமிருக்குது."

ஒரு இடத்தில் மட்டும் அண்ணனின் கணக்கு இடறும். வராந்தாவில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பை ராத்திரி மூன்று முறை எழுந்துபோய் அணைப்பார். காலையில் 2,000 வாட் கெய்சரைப் போட்டுவிட்டு, வென்னீர்க் குழாயைத் திறந்தபடி அரைமணி நேரம் குளிப்பார். அதில் ஒரு யூனிட் போய்விடும். அந்த ஒரு யூனிட்டில் வராந்தா பல்பு 110 மணி நேரம் எரியும். பின்கட்டில் விறகும் தேங்காய்த் தொட்டியும் போட்டுத் தண்ணீர் காய்ச்சிய காலத்தில் வென்னீர் அவருக்கு இலவசம். மனசு இன்னும் அங்கேயே இருக்கிறது. பக்கத்து மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வந்தபோதுகூட, "மழைக்காலத்துல என்ன பண்ணுவானாம்?" என்றார்.

ஆனால் ஏசி வாங்குகிறவர்கள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம். நட்சத்திரத்தை எண்ண மாட்டார். ஒட்டுத்தாளில் எந்த ஆண்டு என்று முதலில் பார்ப்பார். 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கியபோது அதுவரை ஐந்து நட்சத்திரம் வைத்திருந்த ஏசிகள் நாலுக்கு இறங்கின. பழைய சரக்கின் ஐந்தும் புதுச் சரக்கின் ஐந்தும் ஒன்றல்ல. அடுத்து வருஷ யூனிட் எண். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்ட கணக்கு. கடைக்குப் போனால் அந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு விலையைக் கேளுங்கள்.