“ஏம்மா, எத்தனை நாள் ஆகும்?”

“ஏம்மா, இந்த பிரீமியம் ஸ்க்ரீனுக்கு எத்தனை நாள் ஆகும்?”

“12 நாள் ஆகும் சார்.”

“கொஞ்சம் அக்ரஸிவா யோசிச்சுப் பாரேன்.”

“ராத்திரியும் உட்கார்ந்தா 10.”

“கிளையன்ட்கிட்ட 6ன்னு சொல்லியாச்சும்மா.”

“அப்புறம் எதுக்கு சார் என்கிட்ட கேட்டீங்க?”

“எஸ்டிமேட்டுக்கு ஓனர்ஷிப் உன்கிட்ட இருக்கணும்ல.”

ஓஎம்ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், என் பக்கத்து இருக்கையில் நடந்தது இது. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பார்களே, அதே சடங்கு. 6 நாள் என்று வாயால் அளந்த சேல்ஸ்காரர் இன்சென்டிவ் வாங்கிக்கொண்டு அடுத்த கிளையன்ட்டைப் பிடிக்கப் போய்விட்டார். ஓனர்ஷிப் மட்டும் இவள் தலையில்.

எஸ்டிமேட் என்றால் உத்தேசம். கொத்தனார் உத்தேசமாக ஒரு நாள் சொன்னால், வீடு கட்டுகிறவர் மனசுக்குள் இன்னும் பத்து நாள் கூட்டிக்கொள்வார். இங்கே வாயைவிட்டு வந்த நொடியே அது கமிட்மென்ட். சாஃப்ட்வேர் டீம்கள் பின்பற்றும் ஸ்க்ரம் முறையை வகுத்தவர்களே 2011இல் தங்கள் கையேட்டைத் திருத்தினார்கள்: ஒரு ஸ்பிரிண்டில் இவ்வளவு முடியும் என்று டீம் சொல்வது கமிட்மென்ட் அல்ல, முன்கணிப்புதான் என்று. அந்தத் திருத்தம் இன்னும் சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி வரவில்லை. வந்தது ஸ்பிரிண்ட் மட்டும்தான். ஸ்பிரிண்ட் என்றால் நூறு மீட்டர் ஓட்டம். ஓடியவன் முடித்ததும் முட்டியில் கைவைத்து மூச்சு வாங்குவான். இரண்டு வாரத்துக்கு ஒன்று என வருஷத்துக்கு 26 ஸ்பிரிண்ட் ஓடவிட்டு, மூச்சு வாங்கினால் “ஏன் வெலாசிட்டி குறையுது?” என்கிறார்கள்.

அதே கையேட்டில் ஸ்டாண்டப் என்பது டெவலப்பர்கள் தங்களுக்குள் பேசி அன்றைய வேலையை முடிவு செய்யும் 15 நிமிடம். எங்களிடம் அது ஆஜர் சொல்லும் இடம். கிளையன்ட் இருக்கும் நியூ ஜெர்சியில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 7:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் 8:30. யார் வீட்டுக் குளிர்காலத்துக்கோ, வேளச்சேரியில் ஒரு பிள்ளையின் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

டெட்லைன் என்ற சொல்லுக்கு ஒரு பூர்விகம் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்கு உட்புறமாகக் குச்சி நட்டு ஒரு எல்லை போட்டிருந்தார்கள். கைதி அதைத் தாண்டினால் காவலர் சுடுவார். அதற்குப் பெயர்தான் டெட்லைன். முகாமின் தலைவர் ஹென்றி விர்ஸை 1865 நவம்பரில் தூக்கில் போட்டார்கள். எங்கள் தொழிலில் கோடு போட்டவருக்கு பிரமோஷன்.

இதையெல்லாம்விட எனக்கு வயிறெரிவது ‘ரிசோர்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டால்தான். ரிசோர்ஸ் என்றால் வளம். மணல் வளம், நீர் வளம், கிரானைட். இவற்றையெல்லாம் இந்த நாட்டில் என்ன பாடு படுத்தினோம் என்று தெரிந்துதான் மனிதனுக்கும் அதே பெயரை வைத்தார்களோ என்னவோ. “ரெண்டு ரிசோர்ஸ் வேணும்”, “அந்த ரிசோர்ஸை ரிலீஸ் பண்ணிடு.” போன வருஷம் டீமில் ஒருத்தி பேறுகால விடுப்பு கேட்டாள். வாழ்த்துச் சொல்லக் கேக் வாங்குவதற்கு முன்பே, ரிஸ்க் ரிஜிஸ்டரில் புதிதாக ஒரு வரி ஏறிவிட்டது: ‘ரிசோர்ஸ் இருக்க மாட்டார். பாதிப்பு: ஹை.’

பிரீமியம் ஸ்க்ரீனுக்கு வருவோம். ஐந்தாம் நாள் மாலை, பாதி வேலைகூட முடியவில்லை. மேனேஜர் மேலும் இரண்டு ரிசோர்ஸைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். தாமதமான சாஃப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடத்தான் செய்யும் என்று, ஐபிஎம்மில் சூடுபட்ட ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975இலேயே புத்தகம் எழுதி வைத்தார். மேனேஜருக்குத் தெரியாதா? அவருடைய மேஜையிலேயே அந்தப் புத்தகம் இருந்தது. ஆனால் ஒப்பந்தம் மணிக்கணக்குக் கூலி. தலைக்கு இத்தனை டாலர். தாமதத்துக்கும் சேர்த்து பில் போடலாம். ஃபிக்ஸட் பிரைஸாக இருந்திருந்தால் ஒரு ஈ காக்கையைக்கூடக் கூடுதலாக அனுப்பியிருக்க மாட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டையும் அவளிடமே பிடுங்கியிருப்பார்கள்.

வந்த இருவருக்கும் பாடம் எடுப்பதிலேயே அவளுக்கு இரண்டு நாள் போயிற்று. ஸ்டேட்டஸ் ஷீட்டில் அவள் தன் வரிக்குச் சிவப்பு அடித்தாள். டீம் லீட் பார்த்து மஞ்சளாக்கினார். மேனேஜர் கைக்குப் போனபோது அது பச்சை, பக்கத்தில் ‘ஆன் ட்ராக், வித் மைனர் சேலஞ்சஸ்’. அந்த மைனர் சேலஞ்ச், இரவு ஒன்றரை மணிக்கு, கேன்டீன் மூடிய பிறகு, தண்ணீர் பாட்டிலும் மிக்சர் பொட்டலமுமாக என் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தது.

வேலை பதிமூன்றாம் நாள் முடிந்தது. அவள் சொன்னதற்கு ஒரு நாள்தான் கூடுதல். அதுவும் பாடம் எடுத்த கணக்கில் கழிந்துவிடும். கிளையன்ட் பாராட்டி மெயில் போட்டான், மேனேஜர் பெயருக்கு.

மார்ச்சில் அப்ரைசல் வந்தது. ‘வளர்த்துக்கொள்ள வேண்டிய திறன்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது என்று காட்டினாள்.

எஸ்டிமேஷன்.